போரை நிறுத்தினால் வென்றுவிடலாமே! 1917ஐ மேசையில் விளையாடிப் பார்த்த கதை

இது நீண்ட பதிவு. வரலாற்றில் விருப்பமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். மற்றவர்கள் பாதியில் விட்டுப் போனாலும் எனக்குக் கோபமில்லை.

ரஷ்யப் புரட்சியைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எழும்பி ஒரே கேள்வியைக் கேட்கும். "சேர், மக்கள் பாண் கேட்டாங்க, காணி கேட்டாங்க, போர நிப்பாட்டச் சொன்னாங்க. அந்த அரசாங்கம் இது மூண்டையும் குடுத்திருந்தா லெனினுக்கு வேலையே இல்லையே. ஏன் குடுக்கல்ல?" குறிப்புக் கொப்பிகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும்: இடைக்கால அரசாங்கம் மக்களின் எதிர்பார்ப்பை நிறைவேற்றத் தவறியது. பரீட்சைக்கு அந்த வரி போதும். ஆனால் கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் அது போதவில்லை என்று விளங்கும்.

கடந்த சில மாதங்களாக நாங்கள் சில நண்பர்கள் இந்தக் கேள்வியை மேசைமேல் விரித்துவைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். என்னோடு படிப்பிக்கும் கணித ஆசிரியர் 1917ஆம் ஆண்டு ரஷ்யாவைப் பற்றி ஒரு போட் கேம் செய்துவருகிறார். பிரிஸ்டல் போட்டில் கீறிய படம், கையால் எழுதி வெட்டிய அட்டைகள், இரண்டு தாயக்கட்டைகள், காய்களுக்குச் சட்டைப் பொத்தான்கள். விளையாட்டு இன்னும் முடியவில்லை. எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதற்காக வியாழன் இரவுகளில் சோதனை ஆட்டம் நடக்கிறது. வங்கியில் வேலை செய்யும் என் மச்சான் இடைக்கால அரசாங்கம். பாமசி வைத்திருக்கும் நானா மென்ஷெவிக்குகளும் சோசலிசப் புரட்சியாளர்களும் சேர்ந்த மிதவாதத் தரப்பு. ஓய்வுபெற்ற தபாலதிபரான எங்கள் ஹாஜியார் இராணுவத் தளபதிகள். நான் போல்ஷெவிக். கணித ஆசிரியர் விளையாடமாட்டார், கொப்பியோடு ஓரத்தில் இருந்து எழுதிக்கொண்டே இருப்பார்.

பெரியவர்களுக்கு இதென்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். போரை மேசையில் விளையாடிப் பார்ப்பது புதிய விடயமல்ல. சதுரங்கமே படையின் நான்கு அங்கங்களிலிருந்து பெயர் பெற்றதுதான். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய இராணுவ அதிகாரி வரைபடமும் தாயக்கட்டையும் வைத்துச் செய்த "கிரீக்ஸ்ஷ்பீல்" விளையாட்டைப் பார்த்த பிரதம தளபதி, இது விளையாட்டல்ல, பயிற்சி என்று படையணிகளுக்கெல்லாம் சிபாரிசு செய்தார். நம் காலத்தில் அது அரசியலுக்கும் வந்துவிட்டது. பனிப்போரை வைத்து 2005இல் வந்த "ட்வைலைட் ஸ்ட்ரகிள்" உலகம் முழுக்க விளையாடப்படுகிறது. அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றியும் "கொலோனியல் ட்வைலைட்" என்று ஒன்று 2017இல் வந்தது.

சரி, 1917க்கு வருவோம். முதலில் திகதிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரஷ்யா அப்போது பழைய நாட்காட்டியைப் பயன்படுத்தியது, அது நம்முடையதைவிட 13 நாள் பிந்தியது. அதனால்தான் பெப்ரவரிப் புரட்சி மார்ச்சிலும் ஒக்டோபர் புரட்சி நவம்பரிலும் வருகிறது. நான் இங்கே நம்முடைய நாட்காட்டியையே எழுதுகிறேன்.

மார்ச் 8, மகளிர் தினம். பெற்றோகிராட் நகரின் வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து பாண் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு நாளில் நகரமே நின்றுவிட்டது. 11ஆம் திகதி சிப்பாய்கள் கூட்டத்தின்மேல் சுட்டார்கள். சுட்ட அதே வொலின்ஸ்கி படையணி மறுநாள் காலை தன் அதிகாரிக்கு எதிராகத் திரும்பியது. 15ஆம் திகதி சார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ் முடி துறந்தார். முந்நூறு வருட அரச வம்சம் ஒரு வாரத்தில் முடிந்தது.

விளையாட்டின் முதல் வடிவத்தில் பாணுக்கு ஒரு கோடு இருந்தது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளி குறையும். ஹாஜியார் முதல் நாளே அதை மறுத்தார். "தம்பி, இருபத்திரண்டுல நான் காஸ் சிலிண்டருக்கு ரெண்டு ராத்திரி லைன்ல நிண்ட ஆள். சாமான் குறையுறதால மனுசனுக்கு விசர் வாறல்ல. வருமா வராதாண்டு தெரியாததாலதான் விசர் வருது." வரலாறும் அதைத்தான் சொல்கிறது. அந்த மார்ச் மாதம் பெற்றோகிராட்டில் மா அறவே தீர்ந்துபோயிருக்கவில்லை. பங்கீடு வரப்போகிறது என்ற கதை பரவியதும் சனம் கடைகளை மொய்த்தது, கடுங்குளிரில் வரிசை நீண்டது. இப்போது பாணுக்குத் தாயக்கட்டை போடுகிறோம், எத்தனை விழும் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு மாற்றத்தோடு மேசையைச் சுற்றியிருந்த முகங்கள் மாறிவிட்டன.

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. முதலாவது சோதனை ஆட்டத்தில் என் மச்சான் இரண்டாவது சுற்றிலேயே போரை நிறுத்திவிட்டார். விதியில் தடை இருக்கவில்லை. சிப்பாய்கள் சந்தோஷம், தொழிலாளர் சந்தோஷம், எனக்குக் கையில் ஓர் அட்டைகூட மிஞ்சவில்லை. அரை மணித்தியாலத்தில் ஆட்டம் முடிந்து இளவரசர் ல்வோவின் அரசாங்கம் வெற்றி. மச்சான் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, "இவ்வளவுதானா உங்கட புரட்சி?" என்றார்.

'போரை நிறுத்தக் கூடாது' என்று ஒரு விதி எழுதினால் வேலை முடிந்தது. கணித ஆசிரியர் அதற்குச் சம்மதிக்கவில்லை. "அவங்களுக்கு யாரும் அப்பிடி விதி போடல்லயே சேர். நிப்பாட்ட ஏலும், ஆனா நிப்பாட்டல்ல. நிப்பாட்டினா என்ன நடக்கும்? அத மட்டும் சொல்லுங்க, நான் இலக்கமாக்குறன்." நல்ல வரலாற்று ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வியைக் கணித ஆசிரியர் கேட்டார்.

நான் சொன்னவை இவை. ரஷ்யா பிரித்தானியாவிடமும் பிரான்ஸிடமும் வாங்கிய கடனில்தான் அந்தப் போரை நடத்தியது. 1917 ஏப்ரலில் போருக்குள் வந்த அமெரிக்காவும் கடன் தருவதாகச் சொன்னது. போரிலிருந்து விலகினால் அந்தக் கதவு மூடும். அடுத்தது ஜேர்மனி. போலந்தும் லித்துவேனியாவும் ஏற்கனவே அவர்கள் கையில். தனியாகப் போய்ச் சமாதானம் கேட்பவனிடம் வென்றவன் என்ன விலை கேட்பான் என்பதை அடுத்த வருடமே பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தம் காட்டியது. 1918 மார்ச் 3இல் போல்ஷெவிக்குகள் உக்ரைன், போலந்து, பால்டிக் நாடுகள் என்று கைகழுவி எழுதிக்கொடுத்தார்கள். கார்ஸும் அர்தஹானும் பத்தூமும்கூட அதில் போயின. மூன்றாவது தளபதிகள். அப்படியொரு சமாதானத்தில் கையெழுத்திடும் அரசாங்கத்தை அவர்கள் ஒரு வாரம் விட்டுவைப்பார்களா?

நான்காவதுதான் பலரும் சொல்லாமல் விடுவது. இடதுசாரிகளிலேயே பெரும்பாலானோர் அப்போது தனிச் சமாதானத்தை விரும்பவில்லை. ஜேர்மன் கைசர் வென்றால் புரட்சியே செத்துவிடும் என்று பயந்தார்கள். எல்லா நாட்டு சோசலிஸ்டுகளையும் ஸ்டொக்ஹோம் நகரில் கூட்டி, எல்லாரும் சேர்ந்து போரை முடிக்கலாம் என்பது பெற்றோகிராட் சோவியத்தின் நம்பிக்கை. நேச நாடுகள் தங்கள் நாட்டுப் பிரதிநிதிகளுக்குக் கடவுச்சீட்டுக் கொடுக்க மறுத்தன. நம்பிக்கை அங்கேயே கலைந்தது.

இவை எல்லாம் இலக்கமாகி இரண்டாவது ஆட்டத்துக்கு வந்தன. போரை நிறுத்தலாம், ஆனால் கடன் கோடு பூச்சியமாகும், ஹாஜியாருக்கு இலவசமாக ஒரு சதிப்புரட்சித் தாயக்கட்டை கிடைக்கும். மச்சான் பத்து நிமிடம் யோசித்தார். "நிப்பாட்டினாலும் சாவு, நிப்பாட்டாட்டியும் சாவு." பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் புல்லரித்தது. முன்னணியில் ஒரு தாக்குதல் நடத்தி வென்றால் ஜேர்மனியுடன் பேரம் பேசலாம், தளபதிகளும் அடங்குவார்கள், கடனும் வரும் என்று கணக்குப் போட்டு எல்லாப் பொத்தான்களையும் முன்னே தள்ளினார். போர் அமைச்சர் கெரன்ஸ்கி 1917 ஜூலை 1இல் செய்தது அதுவேதான். மச்சானுக்கு அந்தத் தாக்குதலைப் பற்றி அதுவரை ஒன்றும் தெரியாது. தாயக்கட்டை இரண்டு விழுந்தது, முன்னணி கலைந்தது. உண்மையிலும் சில நாட்களில் அப்படித்தான் கலைந்தது.

பாமசி நானாவின் தரப்பில் சிக்கல் வேறு மாதிரி. மார்ச்சில் மன்னர் போனதும் பெற்றோகிராட்டில் அதிகாரம் இரண்டாகப் பிரிந்துகிடந்தது. டூமாக்காரர்களின் இடைக்கால அரசாங்கம் ஒரு பக்கம், தொழிலாளர்-படைவீரர் சோவியத் மறு பக்கம். தொடக்கத்தில் இரண்டும் ஒரே கட்டடத்தில், தவ்ரிதா மாளிகையின் வேறுவேறு அறைகளில் இருந்தன. அரசாங்கத்திடம் அமைச்சர் பதவிகள் இருந்தன. தந்தி, ரயில், சிப்பாய் எல்லாம் சோவியத்தின் சொல்லைக் கேட்டன. போர் அமைச்சராக இருந்த குச்கோவே, சோவியத் அனுமதிக்கும்வரைதான் நாங்கள் இருக்கிறோம் என்ற கருத்தில் தளபதி அலெக்சேயேவுக்கு எழுதினார். அந்தச் சோவியத்தில் பெரும்பான்மை யாருக்கு? ஜூனில் கூடிய முதலாவது சோவியத் மாநாட்டில் சோசலிசப் புரட்சியாளர் 285, மென்ஷெவிக் 248, போல்ஷெவிக் 105. அதாவது நானாவின் தரப்பு நினைத்திருந்தால் எந்த நாளும் அதிகாரத்தை எடுத்திருக்கலாம்.

ஆட்டத்தில் நானா எடுத்தார், ஒவ்வொரு முறையும் மூன்றாம் சுற்றிலேயே. வரலாற்றில் அவர்கள் எடுக்கவில்லை. ஜூலை 17இல் குரோன்ஸ்ட்டாட் கடற்படையினர் மாளிகையைச் சூழ்ந்துகொண்டு, தருகிறபோது அதிகாரத்தை எடு என்று அமைச்சர் செர்னோவின் முகத்துக்கு நேரே கத்தினார்கள். அவரைப் பிடித்துக் காருக்குள் அடைத்தும்விட்டார்கள். கடைசியில் ட்ரொட்ஸ்கி வந்துதான் மீட்டார். அப்படியும் அவர்கள் எடுக்கவில்லை. ஏன்?

இங்கேதான் விளையாட்டு எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தது. நானாவின் வெற்றிக்கான நிபந்தனை 'அதிகாரம் பெறுவது' என்று எழுதப்பட்டிருந்தது. மென்ஷெவிக்குகள் அதற்காக அரசியல் செய்யவில்லை. ரஷ்யா பின்தங்கிய நாடு, முதலில் முதலாளித்துவ ஜனநாயகம் வளரவேண்டும், சோசலிசம் அதற்குப் பிறகுதான் என்று அவர்கள் உளமார நம்பினார்கள். இப்போதே தனியாக எடுத்தால் உள்நாட்டுப் போர் வரும், அதில் தளபதிகளே வெல்வார்கள் என்று பயந்தார்கள். கணித ஆசிரியர் அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'உள்நாட்டுப் போர் இல்லாமல் அரசியலமைப்பு நிர்ணய சபை கூடினால் உமக்கு வெற்றி.' வேறு ஒரு விதியும் மாறவில்லை. அடுத்த ஆட்டத்தில் நான் வேண்டுமென்றே நானாவிடம், "எடுங்க நானா, உங்களிட்டத்தானே எல்லாம் இருக்கு" என்றேன். "இல்ல சேர், இப்ப எடுத்தா நாம செத்தம். தேர்தல் வரட்டும்" என்றார். ஜூலை மாதச் செர்னோவ் என் முன்னே சாரத்தோடு இருந்தார்.

ஒரு மனிதன் எதை வெற்றி என்று நினைக்கிறான் என்பதை விளங்காமல் அவன் ஏன் தோற்றான் என்று எழுதுகிறோம். மென்ஷெவிக்குகளைக் கோழைகள் என்று எழுதும் புத்தகங்களை இனி நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

மற்றொரு தொல்லை, எல்லாருக்கும் முடிவு தெரியும். லெனின் வெல்வார் என்று தெரிந்ததால் மூன்று பேரும் முதல் சுற்றிலிருந்தே என்மேல் பாய்ந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் லெனினைப் பின்லாந்து ரயில் நிலையத்தில் இறங்கிய இடத்திலேயே கைதுசெய்துவிட்டார்கள். உண்மையில் 1917 ஏப்ரல் 16இல் அவர் இறங்கியபோது சோவியத்தின் தலைவர் போய் வரவேற்றார். அவருடைய ஏப்ரல் ஆய்வுரையைச் சொந்தக் கட்சியின் பெற்றோகிராட் குழுவே 13க்கு 2 என்ற வாக்கில் நிராகரித்தது. அவரைப் பார்த்துப் பயப்படுவதற்கு அன்று யாருக்கும் காரணம் இருக்கவில்லை. (ஓர் ஆசிரியனாக எனக்குப் பிடித்த தகவல்: கெரன்ஸ்கியின் தந்தைதான் சிம்பிர்ஸ்க் நகரில் லெனின் படித்த பாடசாலையின் அதிபர். அண்ணன் தூக்கிலிடப்பட்ட வருடம் அந்த மாணவனுக்கு நற்சான்றிதழ் எழுதிக்கொடுத்தவரும் அவரே. அதிபர்மாரே, பார்த்து எழுதுங்கள்.)

இதற்கு நானாவின் மகள்தான் வழி சொன்னாள். உயர்தரம் கலைப்பிரிவு படிக்கிறவள். "பேர அழிச்சிட்டு நிறத்த மட்டும் வைங்க." நாலாவது ஆட்டத்துக்கு வெளியிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டு, ரஷ்யா என்றோ லெனின் என்றோ சொல்லாமல், பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று மட்டும் சொல்லி விளையாடவிட்டோம். சிவப்பை யாரும் கவனிக்கவேயில்லை. நீலத்தின் கண் முழுக்க மஞ்சளின் மேல், அதாவது அரசாங்கத்தின் கண் முழுக்கத் தளபதிகள் மேல். ஏழாம் சுற்றில் மஞ்சள் தலைநகரை நோக்கி நகர்ந்ததும், நீலம் பயந்து தன்னிடமிருந்த ஆயுத அட்டைகளைச் சிவப்பிடம் கொடுத்தது. சொல்லிக்கொடுத்து நடந்ததல்ல அது.

அதுதான் கோர்னிலோவ் விவகாரம். செப்டெம்பரில் நடந்தது. பிரதம தளபதி கோர்னிலோவுக்கும் அப்போது பிரதமராகிவிட்ட கெரன்ஸ்கிக்கும் நடுவில் விளாதிமிர் ல்வோவ் என்ற முன்னாள் அமைச்சர் தூதாகப் போனார். இவர் முன்னைய பிரதமர் இளவரசர் ல்வோவ் அல்ல, வேறு ஆள். கோர்னிலோவிடம் போய், கெரன்ஸ்கி உங்கள் யோசனையைக் கேட்கிறார் என்றார். கெரன்ஸ்கியிடம் வந்து, கோர்னிலோவ் உங்கள் அதிகாரத்தைக் கேட்கிறார் என்றார். 8ஆம் திகதி இரவு கெரன்ஸ்கி தந்திக் கருவியில் கோர்னிலோவைக் கூப்பிட்டு, ல்வோவ் பக்கத்தில் இருப்பதுபோல் நடித்து, அவர் சொன்னது உண்மையா என்று மட்டும் கேட்டார். என்ன சொன்னார் என்பதைச் சொல்லவேயில்லை. கோர்னிலோவ் ஆம் என்றார். அதை வைத்து அவர் துரோகியாக்கப்பட்டார். ஹாஜியார் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "முப்பது வருசம் தந்தியோட இருந்த ஆள் நான். மறுபக்கத்துல ஆர் இருக்கிறாண்டு தந்தியில தெரியாது. தெரியாம ஒரு நாட்டையே குடுத்திட்டானே!" இப்போது அரசாங்கமும் தளபதிகளும் நேரடியாகப் பேசக்கூடாது, மூன்றாம் ஆள் மூலம் காதில் சொல்லியனுப்பவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. விளையாட்டிலேயே அதிகம் சிரிப்பு வரும் இடமும் அதுதான், ஆட்டம் கவிழும் இடமும் அதுதான்.

"நம்மட ஆக்கள் எங்க சேர்?" என்று கேட்டதும் நானாவின் மகள்தான். நல்ல கேள்வி. வொல்கா தாத்தாரியர், பாஷ்கிர்கள், கிரிமியா, கவ்காஸ், துர்க்கிஸ்தான் என்று சார் பேரரசில் பெருந்தொகை முஸ்லிம்கள் இருந்தார்கள். 1916இல் போருக்குப் பின்னணி வேலைக்கென்று மத்திய ஆசியர்களைப் பிடிக்கக் கட்டளை வந்தபோது பெரும் கிளர்ச்சி வெடித்து இரத்தத்தில் முடிந்தது. மன்னர் போன பிறகு, 1917 மே மாதம் மொஸ்கோவில் அகில ரஷ்ய முஸ்லிம் மாநாடு கூடியது. சுமார் 900 பிரதிநிதிகள், அவர்களில் 100க்கும் மேற்பட்ட பெண்கள். சமஷ்டியா, ஒரே நாட்டுக்குள் பண்பாட்டுச் சுயாட்சியா என்று கடும் விவாதம் நடந்து, சமஷ்டி 446க்கு 271 என்று வென்றது. பெண்களுக்குச் சம அரசியல் உரிமை என்ற தீர்மானமும் நிறைவேறியது. முக்லிஸா பூபி என்ற ஆசிரியையைக் காதியாகத் தெரிவுசெய்தார்கள். 1917இல், நூறு வருடத்துக்கு முன்! பெண் காதியாகலாமா என்று நாம் இங்கே இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி என் கருத்தை வேறொரு நாளைக்கு எழுதுகிறேன்.

ஐந்தாவது தரப்பாக அவளையே உட்காரவைத்தோம். நாலு சுற்றுக்கு அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பாணும் பெற்றோகிராட்டும் என்று மற்றவர்கள் சண்டைபிடிக்க, அவள் சுயாட்சி அட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கோர்னிலோவ் நகர்ந்தபோது எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் கோர்னிலோவ் அனுப்பிய படைகளில் ஒன்று கவ்காஸ் முஸ்லிம் தொண்டர்களின் குதிரைப்படை. செச்சென், இங்குஷ், தாகிஸ்தான் வீரர்கள் கொண்ட அதைக் "காட்டுப் படைப்பிரிவு" என்று அழைத்தார்கள். ரயில் தொழிலாளர்கள் தண்டவாளத்தைப் பிடுங்கி வண்டியை நிறுத்த, அந்த வீரர்களின் மொழியிலேயே பேச ஒரு முஸ்லிம் தூதுக்குழு போனது. அதில் இமாம் ஷாமிலின் பேரன் ஒருவரும் இருந்தார். ஆம், கவ்காஸ் மலைகளில் கால் நூற்றாண்டு ரஷ்யாவை எதிர்த்து நின்று 1859இல் சரணடைந்து, பின் மதீனாவில் மரணித்த அதே ஷாமில். தூதுக்குழுவைக் கைதுசெய்ய அதிகாரிகள் முயன்றபோது வீரர்கள் விடவில்லை. துப்பாக்கி வெடிக்காமலே படை நின்றது. இந்த அட்டையை அவள் மேசையில் வைத்தபோது ஹாஜியார் தன் தளபதிகளையெல்லாம் மறந்து, "மாஷா அல்லாஹ்" என்றார். தோற்றது அவர்தான்.

ஆனால் அவள் வென்றாளா? இங்கே எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை. போரின் வெகுமதியாக இஸ்தான்பூலும் நீரிணைகளும் ரஷ்யாவுக்கு என்று 1915இலேயே நேச நாடுகள் இரகசியமாக வாக்களித்திருந்தன. வெளிநாட்டமைச்சர் மில்யுகோவ் அதை விட்டுக்கொடுக்க மறுத்தார், தெருவில் கூச்சல் எழுந்து மே மாதம் பதவியிழந்தார். போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வந்ததும் நவம்பரில் இரகசிய ஒப்பந்தங்களைப் பத்திரிகையில் போட்டார்கள். அரபு மண்ணைப் பங்குபோட்ட சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தை உலகம் அறிந்தது அப்படித்தான். டிசம்பர் 3இல் லெனினும் ஸ்டாலினும் கையெழுத்திட்டு ரஷ்யாவினதும் கிழக்கினதும் முஸ்லிம்களுக்கு ஓர் அறைகூவல் விட்டார்கள்: உங்கள் நம்பிக்கையும் வழக்கமும் இனிச் சுதந்திரமானவை, இஸ்தான்பூல் முஸ்லிம்கள் கையிலேயே இருக்கவேண்டும். அதை வாசித்துக் கண்ணீர் விட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்த வருட இறுதியிலேயே கோக்கந்து நகரில் துர்க்கிஸ்தான் முஸ்லிம்கள் சுயாட்சியை அறிவித்தார்கள். 1918 பெப்ரவரியில் தாஷ்கந்து சோவியத்தின் படை வந்து அந்த நகரை எரித்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

கணித ஆசிரியர் விளையாட்டை 1918 ஜனவரியில் நிறுத்தியிருந்தார், நிர்ணய சபை ஒரேயொரு நாள் கூடிக் கலைக்கப்பட்ட இடத்தில். அங்கே நிறுத்தினால் ஐந்தாவது தரப்புக்குப் புள்ளி அதிகம், அவள் வெற்றி. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் தோல்வி. கடைசிச் சுற்று எது என்று முடிவுசெய்கிறவன் யார் வென்றது என்பதையும் முடிவுசெய்கிறான். "ஒரு மாசம் கூட்டுங்க சேர்" என்று கேட்டது அவளே. தோற்கப்போகிறவள் அவளே கேட்டபோது யாருக்கும் மறுக்க வாய் வரவில்லை. இப்போது கடைசிச் சுற்று பெப்ரவரி.

மிச்சமிருக்கிற பெரிய ஓட்டை கிராமம். அன்றைய ரஷ்யாவில் ஐந்தில் நாலு பேர் கிராமத்தவர்கள், ஆனால் எங்கள் மேசையில் அவர்களுக்குக் கதிரை இல்லை. சுற்றுக்கு ஓர் அட்டையைப் புரட்டினால் எங்கோ ஒரு பண்ணையார் காணி பறிபோகும், சிப்பாய்ப் பொத்தான் ஒன்று முன்னணியை விட்டு ஊருக்கு நடக்கும், பங்கு பிரிக்குமுன் போய்ச் சேரவேண்டுமே! 1917 கோடையிலும் அதற்குப் பிறகும் நடந்தது அதுதான், எந்தக் கட்சியின் உத்தரவும் அதற்குத் தேவைப்படவில்லை. நவம்பர் 8இல் லெனின் கொண்டுவந்த காணிக் கட்டளையின் உள்ளடக்கம் சோசலிசப் புரட்சியாளர்களின் திட்டத்திலிருந்து எடுத்ததே. அப்படியிருந்தும் அந்த மாதம் 25இல் தொடங்கிய தேர்தலில் கிராமம் போல்ஷெவிக்குகளுக்கு வாக்களிக்கவில்லை. அவர்களுக்கு நாடு முழுக்கக் கிடைத்தது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. சோசலிசப் புரட்சியாளருக்கு அதைவிட மிக அதிகம்.

இத்தனை பெரிய கூட்டத்தை ஓர் அட்டைக்கட்டு விளையாடுவது அநியாயம் என்கிறார் நானா. கிராமத்துக்குத் தலைவர் இல்லை, திட்டம் இல்லை, ஆள் உட்கார்ந்தால் அது பொய்யாகிவிடும் என்கிறார் கணித ஆசிரியர். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது. ஆகவே ஆறாவது சோதனை ஆட்டத்தில் ஆளை இருத்திப் பார்ப்பதென்று முடிவு. யாரோடும் பேசக்கூடாது, பேரம் பேசக்கூடாது, தன் காணியை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு விதி.

அதற்கு ஓர் ஆள் தேவை. வேளாண்மை செய்தவராக இருந்தால் நல்லது, வரலாறு தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. வருகிற வியாழன் இஷாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில். பிளேன்டீ உண்டு, பாணுக்குத் தாயக்கட்டை போடவேண்டும்.